பாயம்மா வீட்டு நோய்

கெட்ட செய்தியை எதிர் வீட்டு அக்கா முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார். சாப்பிட்டியா, பிள்ளை பள்ளிக்கூடம் போயிருச்சா என்று சுற்றி வளைப்பதெல்லாம் நல்ல செய்திக்குத்தான்.

"உன் வண்டிக் கண்ணாடிய உடைச்சுட்டேன்" என்று ஒருநாள் காலையில் வந்து நின்றார். எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டியை ஓரமாகத் தள்ளப் போய்ச் சாய்த்துவிட்டாராம். அந்தக் கண்ணாடியில் ஏற்கெனவே ஒரு விரிசல் இருந்தது. அதைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன்.

"விரிசல் விட்டது நீ. உடைச்சது நான். ரெண்டும் வேற வேற" என்றார். அன்று மாலையே மெக்கானிக்கை அழைத்து வந்து புதுக் கண்ணாடி மாட்ட வைத்தார்.

தெருவில் எல்லோரும் அவரைப் பாயம்மா என்றார்கள். நான் அக்கா என்பேன். பெயர் சொல்லிக் கூப்பிட அவர் வீட்டில் ஆள் இல்லை. கணவர் இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகளைத் திருநெல்வேலியில் கட்டிக் கொடுத்திருந்தார். டவுனில் மகால் பக்கத்துச் சந்து ஒன்றில் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருந்த குடும்பம். கடை போனபின், பசுமலையைத் தாண்டி பிளாட் போட்டு விற்ற எங்கள் பகுதிக்கு வந்து, சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு தனியாக இருந்தார். பாதி வீடும் பாதி முள்ளுமாக இருந்த தெரு அது. எனக்கு எதிர் வீடு.

நான் வீட்டின் முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறேன். மதியம் சாப்பிட்டதும் அவர் வந்து உட்கார்ந்து, தைத்து முடித்தவற்றுக்குக் கொக்கி வைத்துக் கொடுப்பார். கை சுத்தம். வாய் மட்டும் கட்டுப்படாது. ஒருமுறை ஒரு கல்யாணப் பெண்ணின் தாயார் ஜாக்கெட்டை வாங்க வந்தபோது, அதை விரித்துக் காட்டி, "கழுத்து இடது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கு. பிரிச்சுத் தச்சு நாளைக்கு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டார். நான் அதைக் கவனித்திருந்தேன். போட்டால் தெரியாது என்று நினைத்து விட்டுவிட்டிருந்தேன். அந்த அம்மாள் அதற்குப் பிறகு என்னிடம் துணி கொடுக்கவில்லை.

எனக்குக் கோபம். ஒரு வாரம் போல அவரிடம் சரியாகப் பேசவில்லை. அவர் வழக்கம்போல வந்து உட்கார்ந்து கொக்கி வைத்தார்.

"கோவமா இருக்க. இரு. கல்யாணத்துல நாலு பேரு அவளப் பாத்துச் சொல்லியிருந்தா அவ உன்ன வையிறது என் காதுல விழுந்திருக்கும். எனக்கு அது தாங்காது" என்றார்.

அவரோடு பழகுவது அப்படித்தான். ஒருநாள் இவரைப்போல ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய தைரியம் என்று தோன்றும். இன்னொரு நாள், இவர் இன்றைக்கு யாரிடம் எதைச் சொல்லிவிடுவாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கறிக்கோழி வளர்ப்பு எங்கள் தெருவுக்கு கொரோனாவுக்குப் பின்னால் வந்தது. ஆரம்பித்து வைத்தவர் மூலை வீட்டுக்காரர். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சும்மா இருக்க முடியாதவர். அவரைப் பார்த்து அக்கா, நான், எனக்குப் பக்கத்தில் நடு வீட்டுக்காரி என்று நாலு வீட்டில் கொட்டகை எழும்பியது. சிமெண்ட் சீட்டுக் கூரை, சுற்றிலும் கம்பி வலை, தரையில் உமி. குஞ்சும் தீவனமும் மூலை வீட்டில்தான் வந்து இறங்கும். அங்கிருந்து அவரே எங்களுக்குப் பிரித்துக் கொண்டுவந்து கொடுப்பார். கோழி வளர்ந்ததும் ஒரு கறிக்கடைக்காரர் வண்டி அனுப்பி மொத்தமாக எடுத்துக்கொள்வார். வெள்ளை வெளேரென்று, நடக்கக்கூடச் சோம்பல்படும் கனத்த கோழிகள். தின்பதும் உட்காருவதும்தான் அவற்றுக்கு வேலை.

குஞ்சு வந்த முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட வேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் குடிதண்ணீரில் கலந்து இன்னொரு மருந்து. நான் சொல்ல வந்த அந்த முறை, இரண்டாவது மருந்து நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்றார் மூலை வீட்டுக்காரர். நாங்களும் சரி என்றோம். சித்திரை வெயில். மருந்தை நினைக்க யாருக்கும் நேரமில்லை. கோழிகளுக்கு விசிறி போடுவதும் சாக்கை நனைத்துக் கட்டுவதுமாகவே பொழுது போனது.

எனக்கு அந்தக் கோழிகள் விற்பதற்கில்லை. என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். என் வீட்டுக்காரரின் குலசாமி கோயில் டி. கல்லுப்பட்டிப் பக்கம். பந்தியில் கிடாக் கறியோடு கோழியும் போடுவதென்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். "என் மருமக வளத்த கோழி" என்று சொல்லித்தான் பத்திரிகையே கொடுத்தார். அதனால் அந்தக் கோழிகளை நான் பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று விடிந்து நான் கோலம் போட வந்தபோது அக்கா நடுத்தெருவில் நின்றிருந்தார். என் வீட்டு வாசலுக்கு வரவில்லை.

"என் கோழி சாவுது. உன்னோடதப் பாத்தியா?"

"இப்பத்தான் தீவனம் வச்சேன். நல்லாத்தான் இருக்குக்கா."

"அப்ப என் வீட்டுப் பக்கம் வராத. உன் வீட்டுக்காரரையும் வர விடாத. நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா தின்னுச்சு. இப்பப் பாத்தா பாதிக் கோழி கழுத்தத் திருகிக்கிட்டுக் கெடக்கு. வெள்ளையும் பச்சையுமா கழியுது. என் செருப்புல என்ன ஒட்டியிருக்குன்னு எனக்கே தெரியாது. அதான் இங்கனயே நிக்கிறேன்."

நான் கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றேன். முதலில் தோன்றியது பந்திதான். அதற்குப் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். முக்காட்டுத் துணியால் மூக்கையும் வாயையும் கட்டியிருந்ததில் கண்கள் மட்டும் தெரிந்தன. அழுதிருக்கவில்லை. தூங்கியிருக்கவும் இல்லை.

நடு வீட்டுக்காரியிடமும் மூலை வீட்டிலும் அதே போல நடுத்தெருவில் நின்றபடி சொன்னார். பிறகு தன் வீட்டு கேட்டின் குறுக்கே துணி காயப்போடும் கயிற்றைக் கட்டி, நடுவில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிட்டார். கால்நடை மருந்தகம் திறக்கும் நேரம்வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அந்த நேரத்தில்தான் மூலை வீட்டுக்காரர் வந்தார். என் வீட்டுச் சுவர் ஓரமாக நின்றுகொண்டு பேசினார். அதனால் எனக்கு முழுதும் கேட்டது.

"பாயம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"ஏண்ணே?"

"கறிக்கடைக்காரருக்குத் தெரிஞ்சா இந்தத் தெருவுல ஒரு கோழி எடுக்க மாட்டாரு. இன்னைக்கே வண்டிய வரச் சொல்றேன். நல்லா நிக்கிறத எல்லாம் ஏத்தி விட்ருவோம். உங்களதும் சேத்துத்தான். அதுவரைக்கும் வாயத் தொறக்காம இருங்க."

"நல்லா நிக்குதுன்னு எப்படிண்ணே தெரியும்? விடியக்காலம் செத்ததெல்லாம் நேத்து நல்லா நின்னதுதான்."

"எல்லா ஊருலயும் இப்படித்தான் செய்றாக. தெரியாத மாதிரி பேசுறீங்க."

"செய்யட்டும். அந்தக் கோழியத் தூக்கிட்டுப் போற வண்டி அடுத்து எந்தக் கொட்டகைக்குப் போகும்? அங்கயும் ஒருத்தி நம்மளப்போல தண்ணி ஊத்திக்கிட்டு நிப்பா. நான் கடைக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்ணே."

மூலை வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். காது மடலெல்லாம் சிவந்து போயிருந்தது. திரும்பிப் போனார். அது கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மருந்தகத்தில் இருந்து ஓர் இளம் பெண் டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். செருப்புக் காலின் மேல் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். செத்த கோழி ஒன்றை அறுத்துப் பார்த்தார். இரைப்பையில் ரத்தப் பொட்டுகள் இருந்ததாகச் சொன்னார். வெள்ளைக்கழிச்சல் மாதிரித்தான் இருக்கிறது, ஆய்வுக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ளலாம் என்றார்.

"வந்ததுக்கு மருந்து இல்லம்மா. வராததக் காப்பாத்தத்தான் பாக்கணும்" என்றார் தெருவுக்கு வந்து எங்கள் எல்லோரிடமும். "எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா நல்லது. காக்கா, நாய், சாக்கு, செருப்பு, எதுலயும் வரும். இங்க பக்கத்துல வேற எங்கயாவது கோழி செத்துச்சா?"

எல்லோரும் இல்லை என்றோம். மூலை வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இல்லைங்க டாக்டர்" என்றார்.

மற்ற மூன்று வீட்டுக் கோழிகளுக்கும் விட்டுப்போன அந்தத் தடுப்பு மருந்தை உடனே கொடுக்கச் சொன்னார் டாக்டர். மருந்து சூடாகக் கூடாது. என் வீட்டுக்காரர் பிளாஸ்க்கில் ஐஸ் கட்டியை நிரப்பிக்கொண்டு டவுனுக்கு வண்டியை விரட்டினார். அவர் வரும்வரை கோழிகளுக்குத் தண்ணீர் வைக்காமல் தாகமாக வைத்திருக்க வேண்டும். அந்த வெயிலில் அவை வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தன. மருந்து கலந்த தண்ணீரை வைத்ததும் மோதிக்கொண்டு குடித்தன. "இது வேலை செய்ய நாளாகும். அதுக்குள்ள வந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நாட்களில் நான் தைத்த ஜாக்கெட் எதுவும் சரியாக வரவில்லை.

எதிர் எதிர் வீட்டில் இருந்துகொண்டு நானும் அக்காவும் போனில் பேசிக்கொண்டோம். அவர் தன் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். நான் என் வாசலில். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத்தான் இருக்கும். பின்பக்கம் குழி வெட்ட ஓர் ஆளை வைத்திருந்தார். குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடும் வேலையை அந்த ஆளிடம் விடாமல் அவரே செய்தார். இன்னும் சாகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தவற்றுக்கு, அலகை விரித்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். பிழைக்காது என்று தெரிந்தேதான் விட்டார்.

ஒரு சாயங்காலம் போனில் கேட்டேன். "அக்கா, அந்தண்ணன் சொன்ன மாதிரி செஞ்சிருந்தா உங்களுக்குக் கொஞ்சமாச்சும் மிஞ்சியிருக்கும்ல?"

"மிஞ்சியிருக்கும்."

பிறகு அவராகவே சொன்னார்.

"எங்க வீட்டுல அவுகளுக்கு நெஞ்சுல அடைப்பு இருந்துச்சு. அவுக தம்பிகளுக்குத் தெரியும். கடையில வேலை பாத்தவுகளுக்குத் தெரியும். எதிர்த்த டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். எங்கிட்டச் சொன்னா பயந்துருவேன்னு யாரும் சொல்லல. அவுக மவுத்தாகுற வாரம் வரைக்கும் நான் நெய்யா ஊத்திப் போட்டுக்கிட்டு இருந்தேன். நல்லா சாப்பிடட்டும், இளைச்சுப் போறாகளேன்னு. அவுகளும் எம் மனசு நோகும்னு சாப்பிட்டாக."

எதிர் வாசலில் அவர் முக்காட்டைச் சரிசெய்வது தெரிந்தது.

"அவுகளத் தூக்கிட்டுப் போனப்பறம் டீக்கடைக்காரரு சொல்றாரு, எனக்கு அப்பவே தெரியும்மான்னு. அன்னைக்கு நெனச்சேன். ஒருத்தர் வீட்டுக்குக் கெடுதல் வருதுன்னா அத மொதல்ல கேக்க வேண்டியது அந்த வீட்டு ஆளுதான். டீக்கடைக்காரன் இல்ல."

அவருடைய கொட்டகையில் ஒன்றும் மிஞ்சவில்லை. நடு வீட்டில் பாதி செத்தது. மூலை வீட்டிலும் எல்லாம் போனது. அக்காவுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் தங்களுக்கு வந்தது என்றார் மூலை வீட்டுக்காரர். என் கொட்டகைக்குள் மட்டும் அது நுழையவில்லை. மருந்து நேரத்தில் போய்ச் சேர்ந்ததா, அக்கா நடுத்தெருவிலேயே நின்றதா, எது காரணம் என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

கறிக்கடைக்காரர் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பேச்சு கிளம்பியது. மளிகைக் கடையில், தண்ணீர் லாரி வரும்போது, குழாயடியில். "பாயம்மா வீட்டு நோய்" என்றுதான் அதற்குப் பெயர். முதலில் நோயை அடையாளம் சொல்வதற்காகச் சொன்ன பேச்சுதான். போகப் போக அதில் வேறொன்று ஏறிக்கொண்டது. அவுக எப்படி வச்சிருந்தாகளோ, அவுக எங்க இருந்து வாங்கினாகளோ என்று. அந்த 'அவுக' எதைச் சொல்கிறது என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில், அக்கா தன் கொட்டகையைக் கழுவி, உமியை எரித்து, வாசலில் கட்டிய கயிற்றை அவிழ்த்த அன்றே மூலை வீட்டுக்குப் போனார். "என் கொட்டகையில ஆரம்பிச்சது உங்க வீட்டுக்கும் வந்துருச்சு. மன்னிச்சுக்கங்க அண்ணே" என்றார். மூலை வீட்டுக்காரர், "பரவால்ல, விடுங்க பாயம்மா. வேணும்னா செஞ்சீங்க?" என்றாராம். அதை எங்களிடம் சொல்லி, "பெரிய மனசு" என்றார் அக்கா.

பிறகு ஒரு மதியம். நான் மிஷினில் இருந்தேன். அக்கா கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூலை வீட்டுக்காரரின் மனைவி ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, பக்கத்தைப் பிரித்துவிட வேண்டும் என்றார். அளவு எடுக்க எழுந்தேன். அவர் அசையாமல் நின்றார். பிறகு என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்து, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, எங்க வீட்டுலதான் மொதல்ல செத்துச்சு."

மிஷினை நிறுத்தினேன்.

"உங்களுக்கு நாலஞ்சு நாளைக்கு முன்னாடியே. வெயிலுக்குச் சாவுதுன்னு நெனச்சோம். அவரு சாக்குல கட்டிக் கொண்டுபோயிப் பின்னாடி ஓடையில போட்டுட்டாரு. அதே கையோடதான் உங்க வீட்டுக்குத் தீவன மூட்டையக் கொண்டாந்து எறக்கினாரு. டாக்டரம்மா கேட்டப்ப இல்லைன்னுட்டாரு. நீங்க வந்து மன்னிப்புக் கேட்டப்ப நான் உள்ளதான் நின்னேன். அன்னையில இருந்து எனக்குச் சோறு எறங்கல."

அக்கா கையில் இருந்த ஜாக்கெட்டில் ஊசியைக் குத்தி வைத்தார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வாயில் இருந்து இப்போது என்ன வரும், எவ்வளவு சத்தமாக வரும் என்று.

"நீ இங்க வந்தது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் அவருகிட்டப் பேசணும். பேசினா உன் பேரு வரும். வரலாமா?"

அந்த அம்மாள் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "வரட்டும்க்கா" என்றார்.

அக்கா அப்போதே எழுந்து போனார். என் வாசலில் இருந்து மூலை வீடு தெரியும். மூலை வீட்டுக்காரர் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் முன்னால் நின்று ஏதோ சொன்னார். நாலு வார்த்தைக்கு மேல் இருக்காது. மூலை வீட்டுக்காரர் எழுந்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். அக்கா திரும்பி வந்துவிட்டார்.

"என்னக்கா சொன்னீங்க?"

"எனக்குத் தெரியும்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"ஒண்ணும் சொல்லல. அவருக்குத் தெரியாம எனக்கு அது தெரிஞ்சிருக்கக் கூடாதுல்ல. ஒண்ணும் தெரியாத மாதிரி எம்புட்டு நாளைக்கு அவரு மொகத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டுத் திரியிறது?"

நான் விடவில்லை. தெருவில் பேசுவது காதில் விழவில்லையா என்று கேட்டேன். வண்டிக் கண்ணாடிக்கும் ஜாக்கெட் கழுத்துக்கும் திறக்கிற வாய் இதற்கு ஏன் திறக்க மாட்டேன் என்கிறது என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே ஆத்திரம்.

அப்போதுதான் அவர் தன் தங்கை மகளைப் பற்றிச் சொன்னார். தங்கையோடு பேச்சு இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். காரணத்தை அன்றுதான் கேட்டேன். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கிறது. பெரியவளானதும் நின்றுவிட்டது. நல்ல சம்பந்தம் ஒன்று வந்து பேசி முடிக்கிற நேரத்தில், அக்கா மாப்பிள்ளை வீட்டாரிடம் வலிப்பு விஷயத்தைச் சொல்லிவிட்டார். சம்பந்தம் நின்றுபோனது. தங்கை தன் வீட்டுப் படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

"நான் செஞ்சது சரின்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நாளைக்குத் தெரிஞ்சா அந்தப் புள்ளையத்தான வையிவாக. ஒரு வருசம் கழிச்சு அந்தப் புள்ள தனியா பஸ் ஏறி எங்கிட்ட வந்துச்சு. 'பெரியம்மா, அன்னைக்கு ராத்திரி நானே அவருக்குப் போன்ல சொல்றதா இருந்தேன். என் வாயால சொல்லியிருந்தா அவரு கேட்டிருப்பாரு. நீங்க அவுக அம்மாகிட்டச் சொன்னீங்க'ன்னுச்சு. அம்புட்டுத்தான் சொன்னுச்சு. டீயக் குடிச்சுட்டுப் போயிருச்சு."

ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தார். இரண்டு முறை தவறியது. நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.

"என் கோழி செத்தது என் சேதி. நான் சொன்னேன். அவரு கோழி செத்தது அவரு சேதி. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், அவரு பொண்டாட்டிக்குத் தெரியும். நீயும் தெருவுல சொல்லாத."

சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு லேசாக இல்லை. நடு வீட்டுக்காரி 'பாயம்மா வீட்டு நோய்' என்று சொல்லும்போதெல்லாம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்குள் வந்துவிடுவேன்.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. அக்காவை அழைக்கப் போனபோது, "வாரேன். ஆனா கோழிய யாரு அறுக்கிறா? எங்க மொறைப்படி அறுக்கலேன்னா எனக்குச் சாம்பார் ஊத்திருங்க. வாங்கி வச்சுக்கிட்டு எலையில ஒதுக்க மாட்டேன்" என்றார். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, கல்லுப்பட்டிக் கறிக்கடை பாயைக் கூட்டிவந்து கோழிகளை அறுக்க வைத்தார். அக்கா பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் மாமனாரிடம், "கோழி நல்லாருக்கு. மசாலாதான் தூக்கல்" என்றார். மூலை வீட்டுக்காரர் வரவில்லை. அவர் மனைவி மட்டும் வந்து, அக்காவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அக்கா கோழி வளர்க்கவில்லை. முழங்கால் வலி கூடிவிட்டது. தனியாக இருக்க வேண்டாம் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். அடுத்த வருடம், பள்ளிக்கூட லீவு விட்டதும் மருமகன் ஒரு லாரியோடு வந்தார்.

சாமான் ஏற்றத் தெருவே கூடிவிட்டது. கட்டிலை ஏற்றினார்கள். டிரங்குப் பெட்டிகளை ஏற்றினார்கள். அவர் வீட்டில் அவை நிறைய இருந்தன. இரும்பு பீரோவை என் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் மூலை வீட்டுக்காரர் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். அந்த ஒரு வருடத்தில் மூலை வீட்டுக்காரர் அக்கா வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான். கூப்பிடாமலே வந்திருந்தார்.

நடு வீட்டுக்காரி அக்காவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பிரிகிற நேரத்தின் அழுகையை மறைக்க வேடிக்கை பேசிக்கொண்டிருந்தாள். "போங்க பாயம்மா, போங்க. இனிமேலாச்சும் எங்க கோழி நோய் நொடி இல்லாமப் பொழைக்கட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அவள் சொன்னதில் விஷம் ஒன்றும் இல்லை.

பீரோ வாசற்படியைத் தாண்டி நின்றுவிட்டது. மூலை வீட்டுக்காரர் அசையவில்லை.

"அந்த நோய் என் வீட்டுல இருந்துதான் வந்துச்சு" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னார். "பாயம்மாவுக்கு முன்னாடியே என் வீட்டுல செத்துச்சு. ஓடையில போட்டேன். டாக்டரம்மாகிட்ட இல்லைன்னு சொன்னேன். இவுகளுக்கு என்னாலதான் வந்துச்சு. இவுகளுக்குத் தெரியும்."

நடு வீட்டுக்காரி அக்காவின் தோளில் இருந்து கையை எடுத்துவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். மூலை வீட்டுக்காரரின் பிடி நழுவியது. பீரோ அவர் பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

அக்கா ஓரெட்டு முன்னால் வந்தார்.

"பீரோவக் கீழ விட்ராதீங்க அண்ணே. கால் ஒடிஞ்சிரும்" என்றார். "அப்படியே தூக்கி ஏத்துங்க. கண்ணாடி இருக்கிற பக்கம் உள்ள வரட்டும்."

மூலை வீட்டுக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினார். நடு வீட்டுக்காரி ஓடிப் போய் அவர் பக்கம் கை கொடுத்தாள்.